தம்பூன் பழமும் தங்கையின் மாத்திரையும்

"...மாத்திரை காலையில எட்டு மணிக்கு ஒன்னு, ராத்திரி எட்டு மணிக்கு ஒன்னு. நான் பழம் தின்னது மத்தியானம்லா. ரெண்டும் எங்க சந்திக்கப் போகுது மிஸ்?" என்று மருந்து கொடுக்கும் பெண்ணிடம் வழக்காடிக்கொண்டிருந்தாள் என் தங்கை.

ஈப்போ ஆஸ்பத்திரியில், மருந்து வாங்கும் முகப்பில் நின்றிருந்தோம். இரண்டு வருடத்துக்கு முன் என் சிறுநீரகம் ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன். அதை வேற்றாள் என்று அவள் உடம்பு விரட்டிவிடாமல் இருக்கத்தான் அந்த மாத்திரை. அந்த வாரம் இரத்தத்தில் மருந்து அளவுக்கு மேல் ஏறிக் கிடந்தது. இப்படியே போனால் சிறுநீரகமே கெட்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். துருவிக் கேட்டதில் வெளிவந்தது பம்பளிமாசு. பக்கத்துத் தம்பூனில் விளையும் பழம், தினமும் பாதி. கசப்பு ஈரலுக்கு நல்லது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அந்தப் பேச்சை நம்பிய நாங்கள், கூடாத உணவுகளின் தாளை ஒழுங்காகப் படிக்கவில்லை.

"ஆண்ட்டி, நாம திங்கிற கீரை, காய், பழம் எல்லாத்துலயும் உள்ள சரக்கை உடைச்சு வெளிய அனுப்ப ஈரல்லயும் குடல்லயும் ஆளுங்க இருக்காங்க. மருந்தை உடைக்கிறதும் அவங்கதான். இந்தப் பழம் அந்த ஆளுங்களையே முடக்கிப் போட்டுடும். புது ஆள் வர ரெண்டு மூணு நாளாகும். அதுவரைக்கும் மருந்து உடையாம உள்ளேயே சேரும். மணி பாத்துத் தின்னாலும் அதேதான்."

"பெரட்டுக்கு ஆள் வரலன்னா பால் யாரு எடுக்குறது, அந்தக் கதையா?" என்றாள் தங்கை. விடியலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் பேர் கூப்பிட்டு ஆள் எடுப்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"அப்ப ஒரே ஒரு சுளை?"

"வேணாம் ஆண்ட்டி."

"ஆயுசுக்குமா?"

"அக்கா குடுத்தது உள்ள இருக்கிற வரைக்கும்."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் மருந்துப் பையைப் பார்த்தேன்.

தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தம்பூன் வழியாகத்தான் கார் ஓட்டி வந்தேன். சாலையோரக் கடைகளில் பழங்கள் கயிற்றில் தொங்கின. வேகமாகக் கடந்துவிடப் பார்த்தேன். சின்ன வயதில் ஒரு பழத்தை உரித்தால் பெரிய சுளையெல்லாம் அவளுக்கு, நான் சிணுங்குவேன். இனி முழுப் பழமும் எனக்கே. அந்தச் சண்டைக்கு மனம் எப்படி ஏங்கியது! பங்கு கேட்க ஆளில்லாத பழம் பாதி ருசி என்பார் எங்கள் தோட்டத்து லாரிக்காரர்.

"நிறுத்துக்கா."

"வேணாம்டி, வீட்டுக்குப் போலாம்."

"நான் திங்கலலா. நீ தின்னு. எப்படி இருக்குன்னு சொல்லு, நான் கேக்குறேன்."

இறங்கிப் போய் ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திக் கனம் பார்த்து, ஒன்றை வாங்கி, கடைக்காரரையே கீறித் தரச் சொல்லி எடுத்துவந்தாள். காரில் உட்கார்ந்து ஒரு சுளையின் தோலை நீக்கி என் வாயில் வைத்தாள். சாறு அவள் மணிக்கட்டு வரை வழிந்தது.

"இனிப்பா, புளிப்பா?"

"இனிப்புதான்டி, கடைசியில கொஞ்சம் கசப்பு" என்றேன்.

அவள் தண்ணீர்ப் போத்தலை எடுத்து, கதவைத் திறந்து, கையை வெளியே நீட்டி, ஒவ்வொரு விரலாகக் கழுவினாள்.