கடிபட்ட இருபது காசு

அந்த இருபது காசு கடைச் சில்லறையோடு என் கைக்கு வந்தது. மஞ்சள் நிற நாணயம். விளிம்பில் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை. யாரோ ரொட்டியைக் கடித்து வைத்தது போலிருந்தது. நாணயச் சாலையில் தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டும்போது, வெட்டுக் கருவி முன்பே துளை விழுந்த இடத்தின்மேல் இறங்கிவிட்டால் இத்தகைய குறைவட்டம் பிறக்கும்.

மலேசியாவின் குளுவாங் நகரில் எங்கள் நாணயச் சேகரிப்பாளர் குழு ஆண்டுதோறும் நடத்தும் கண்காட்சியில், பிழை நாணயங்களுக்கென்றே ஒரு கண்ணாடிப் பேழை உண்டு. அதில் என்னுடைய நாணயமும் இடம்பெற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வீடு திரும்பியபோது, என் கணவர் பூசைத் தட்டுக்குரிய காசுகளோடு அதையும் புளியிட்டுத் தேய்த்திருந்தார். குங்குமப் பொட்டோடு அது தட்டில் பளபளத்தது.

“ஐயோ, இது கண்காட்சிக்கு வச்சிருந்த காசுங்க!”

“சாமிக்கு முன்னால அழுக்குக் காசையா வைக்கிறது? கண்காட்சிக்கும் குளிச்சிட்டே போகட்டுமே.”

தேய்த்த நாணயத்தின்மேல் சேகரிப்பாளர்களுக்கு ஐயம் எழுவது இயல்பு. ஆயினும் கண்காட்சி நாளன்று துணிந்து எடுத்துச் சென்றேன். கணவரும் உடன் வந்தார்.

பேழைக்குப் பொறுப்பானவர் உலு திராம் என்ற ஊரில் பழைய நாணயம் விற்பவர். கடிபட்ட இடத்தை உருப்பெருக்கியில் ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அலமாக், அக்கா! யாரோ குறட்டால வெட்டிட்டு, பாலிஷ் போட்டு உங்க தலையில கட்டிட்டாங்க லா.”

“பாலிஷ் இல்லண்ணே, புளி. அந்தக் கடிய உங்க கட்டை விரலால மூடுங்க. இப்ப நேரெதிர் விளிம்பைப் பாருங்க.”

அவர் பார்த்தார். வட்டம் முழுதும் எழும்பி நின்ற விளிம்பு, அவ்விடத்தில் மட்டும் மங்கித் தாழ்ந்திருந்தது.

“புளியில தேஞ்சிருக்கும்.”

“தேஞ்சா சுத்தி முழுக்கத் தேயணும். கடிக்கு நேரெதிர்ல மட்டும் எப்படிண்ணே தேயும்?”

வில்லையைச் சுற்றி அழுத்தி விளிம்பை எழுப்பும் இயந்திரத்தில், குறையுள்ள பக்கம் எதிர்விசை தராது. அதனால் நேரெதிரே விளிம்பு சரிவர எழும்பாது. அச்சடித்து வெளிவந்த நாணயத்தைப் பிறகு குறட்டால் வெட்டினால், எதிர்ப்புற விளிம்பு குறையின்றி நிற்கும். இதைச் சொல்லிவிட்டு, பேழையின் நடுவே அவர் பெருமையுடன் வைத்திருந்த அவருடைய சொந்தக் கடிபட்ட நாணயத்தைக் காட்டினேன்.

“அதையும் எடுத்துப் பாருங்க.”

எடுத்தார். இரண்டையும் அருகருகே வைத்து நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடையதிலும் கடிக்கு நேரெதிரே அதே தாழ்வு இருந்தது. ஆனால் அழுக்குப் படிந்திருந்ததால் அது தேடினால்தான் தெரிந்தது. என்னுடையதில் வெறுங்கண்ணுக்கே விளங்கியது.

“இத்தனை வருசமா நான் கடியை மட்டும்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன், அக்கா,” என்றார் அவர். தம்முடையதை ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, என் நாணயத்தை நடுவில் வைத்துப் பூட்டினார்.

அன்று மாலைவரை நான் அந்தப் பேழையைவிட்டு நகரவில்லை. என் கணவரும் நகரவில்லை. வந்தவர் ஒவ்வொருவரையும் நிறுத்தி, “நடுவுல மின்னுது பாருங்க, நான் தேய்ச்சது,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.