திரும்பி வருவேன் என்பதற்குச் சான்று

கடவுச்சீட்டைக் கையில் வாங்கியதும் ரிம்மா சவேல்யெவ்னா அதிலுள்ள முகத்தைப் பார்ப்பதில்லை. கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டி வெற்றுப் பக்கங்களை எண்ணுகிறார். பிறகு நடுவில் விரித்து, தையல் நூல் தளர்ந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார். பிறகு காலாவதித் தேதி. உதடுகள் ஓசையில்லாமல் மாதங்களைக் கூட்டும். முகத்துக்கு வருவது கடைசியில்தான், அதுவும் எதிரே நிற்பவரோடு ஒத்துப்பார்க்க. நிற்பவர் அதற்குள் தன் கதையைப் பாதி சொல்லி முடித்திருப்பார். "பாஸ்போர்ட் பேசட்டும். நீங்க அப்புறம் பேசுங்க" என்பார் ரிம்மா, நிமிராமலே.

வோல்கா ஆற்றங்கரையில், சமாரா நகரில் விசா மையத்துக்கு நேர் எதிரே, மருந்துக்கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவில் அவருடைய கடை. நாலு பேர் உள்ளே நின்றால் ஐந்தாவது ஆள் பனியில் நிற்க வேண்டும். படம், நகல், படிவம் என்று மூன்றே சொற்கள் பலகையில். அச்சிட்டவை போல இருக்கும். அவர் கையால் எழுதியவை. இருபத்திரண்டு வருடம் விமானத் தொழிற்சாலையில் வரைபடம் வரைந்த கை அது. அந்தப் பிரிவை மூடியபோது ஓர் எஃகு அளவுகோலை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். இன்றும் படிவத்தின் ஒவ்வொரு வரியையும் அந்த அளவுகோலை வைத்து மறைத்து மறைத்துத்தான் படிப்பார்.

சுவரில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்குகிறது. பனியன் போன்ற சட்டையோடு படம் எடுக்க வரும் ஆண்களுக்கு அதை மாட்டிவிட்டு, முதுகுப் பக்கம் துணி உலர்த்தும் கிளிப்புகளால் இறுக்குவார். "முன்னால பாத்தா அமைச்சர், பின்னால பாத்தா துணிக்கொடி. அவங்க முன்னாலதான் பாப்பாங்க." யாராவது புன்னகைத்தால் காமிராவை இறக்கிவிடுவார். "பல்ல மூடுங்க. சிரிப்பெல்லாம் போன எடத்துல போய் சிரிச்சுக்கலாம்."

எந்த நாட்டுக்கு எது வேண்டும் என்பதை அவர் எதையும் பார்த்துச் சொல்வதில்லை. செர்பியாவுக்கு விசா வேண்டாம், முப்பது நாள். துருக்கிக்கு அறுபது. ஜார்ஜியாவில் ஒரு வருடம் உட்காரலாம். ஆர்மீனியாவுக்கு உள்நாட்டு அடையாளச் சீட்டே போதும். சில ஐரோப்பிய நாடுகள் ஐந்து வருடம் செல்லும் பழைய வகைக் கடவுச்சீட்டை ஏற்பதை நிறுத்திவிட்டன. எவையெவை என்று கேட்டால் காய்ந்த வளைய பிஸ்கட்டை மேசை விளிம்பில் தட்டி உடைத்துக்கொண்டே வரிசையாகச் சொல்வார். அறிவு என்று இதைச் சொல்லலாமா என்பது தெரியவில்லை. ஆறு மாதத்தில் பாதி மாறிவிடும் ஒன்றை மனப்பாடம் செய்துவைத்திருப்பதற்கு அறிவை விட வேறொரு குணம் வேண்டும்.

ஒருமுறை ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். மூன்று வருடப் பழக்கம், அதனால் வெறும் தந்தைவழிப் பெயரால் "சவேல்யெவ்னா" என்று கூப்பிடும் உரிமை உள்ளவர். அவருடைய கடவுச்சீட்டில் ஒரு பக்கம் முழுக்க ஊதா நிறத்தில் ஒட்டகம்.

"இது எந்த நாட்டு முத்திரை?"

"நாடு இல்ல சவேல்யெவ்னா, ஹோட்டல். ஞாபகார்த்தமா குத்திக் குடுத்தாங்க. நல்லா இருக்குல்ல?"

"நல்லாத்தான் இருக்கு. ஞாபகத்த நெத்தியில குத்திக்கிட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். புதுசுக்கு எழுதிப் போடுங்க. இது செத்துப்போச்சு."

"ஒரு ஒட்டகத்துக்காகவா?"

"ஒட்டகம்னு இல்ல. அரசாங்கப் புத்தகத்துல அரசாங்கம் மட்டும்தான் படம் போடலாம்."

இப்படிப் பேசுகிறவர் இரக்கமற்றவர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அவருக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

அவரே ஒரே ஒரு முறை வெளிநாடு போக முயன்றார். எண்பத்தேழில், பல்கேரியக் கடற்கரைக்கு. தொழிற்சாலையில் நற்சான்று வாங்கி, நீண்ட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த, வெளிநாட்டுப் பயணத்துக்கு அனுமதி தரும் ஐந்து பேர் குழுவின் முன் போய் நின்றார். இருபத்து நாலு வயது. கணவன் உண்டா என்று கேட்டார்கள். இல்லை. குழந்தை? இல்லை. அப்படியானால் இங்கே விட்டுப்போக என்ன இருக்கிறது என்று கேட்டார் ஓரத்தில் இருந்தவர். ரிம்மாவுக்குப் பதிலாக இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருத்தி போய்வந்தாள். "அன்னைக்கு நம்ம ஆளுங்க கேட்டாங்க, இன்னைக்கு அவங்க ஆளுங்க கேக்கறாங்க. கேள்வி அதேதான். திரும்பி வருவியா?" என்பார். அவருடைய தொழிலின் சாரம் அவ்வளவுதான். போகும் ஆசையை யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. அது எல்லார் முகத்திலும் இருக்கிறது. திரும்பும் எண்ணத்துக்குத்தான் தாள் வேண்டும்.

ஏப்ரல் தொடக்கத்தில், தெருவில் பனி கறுத்துக் கரைந்துகொண்டிருந்தபோது, யெரெமேய் ஃபோமிச் வந்தார். அறுபத்தொன்பது வயது, வோல்கா ஆற்று இழுவைப் படகுகளில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் இத்தாலியில், படுவா நகரில் இருக்கிறாள். மே கடைசியில் இரண்டாவது பிரசவம். அப்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மார்ச்சிலேயே விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். மறுப்புத் தாளில் ஒரு கட்டத்தில் மட்டும் குறி போட்டிருந்தது: விசா முடிவதற்குள் நாட்டை விட்டு வெளியேறுவார் என்பதில் ஐயம்.

"இஸ்தான்புல்லுக்கு மகள வரச் சொல்லுங்களேன்" என்றார் ரிம்மா. "உங்களுக்கு அங்க விசாவே வேணாம். பாதிப் பேர் அங்கதான் பிள்ளைங்களப் பாக்கறாங்க."

"எந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டர் படுக்க வெச்சிருக்காரு. மொத புள்ளைக்கே நான் போகல, அப்ப என் சம்சாரம் லூஸ்யாவுக்கு உடம்பு முடியாமக் கெடந்துச்சு. பேத்திக்கு நாலு வயசு. போன்ல பாத்தா என் மூக்கத் தொட்டுப் பாக்குது. கண்ணாடிதான தட்டுப்படும்."

"போன தடவ குடுத்த கடிதத்தோட நகல் இருக்கா?"

இருந்தது. நாலாக மடித்து, மகளின் அழைப்புக் கடிதத்துக்குள் வைத்திருந்தார். ரிம்மா அளவுகோலை வைத்து வரி வரியாகப் படித்தார். 'மதிப்புக்குரிய அதிகாரி அவர்களுக்கு. நான் வயதான ஓய்வூதியக்காரன். என் மனைவி லூஸ்யா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு இங்கே யாருமில்லை. முழங்கால் வலியால் அவதிப்படுகிறேன். ஓய்வூதியம் போதவில்லை. எனக்கு இருப்பது ஒரே மகள். தயவுகூர்ந்து…'

"இத யாரு எழுதச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானேதான். மூணு தடவ திருத்தினேன்."

"வீட்ல வெந்நீர்க் குழாய் வெடிச்சா குடியிருப்பு ஆபீசுக்கு இப்பிடித்தான எழுதுவீங்க?"

"ஆமா. இப்பிடி எழுதினாத்தான் வந்து பாப்பாங்க. போன குளிர்காலத்துல மூணே நாள்ல வந்தாங்க."

"அங்க வந்தாங்க. இங்க விடமாட்டாங்க."

அவர் புரியாமல் பார்த்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அரசாங்க மேசைக்கு எழுதும்போது தன்னிடம் இல்லாதவற்றை எல்லாம் பட்டியல் போட வேண்டும் என்று அறுபது வருடமாகக் கற்றுக்கொண்ட மனிதர். நோய், தனிமை, வறுமை: இந்த மூன்றையும் சரியான வரிசையில் எழுதத் தெரிந்தவனுக்குத்தான் விறகும் மருந்தும் கிடைத்தன. அதே மொழியில் தூதரகத்துக்கும் எழுதினார். அங்கே அதைப் படித்த அதிகாரி, பக்கத்திலேயே இத்தாலியிலுள்ள மகளின் முகவரியையும் பார்த்திருப்பார்.

"ஒவ்வொரு வரியிலயும் நான் திரும்பி வரமாட்டேன், வரமாட்டேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க" என்றார் ரிம்மா. "அவங்க உங்கள நம்பிட்டாங்க. அவ்வளவுதான்."

"நான் வருவேங்க. அங்க எனக்கு என்ன இருக்கு? பாஷையே தெரியாது."

"அப்ப இங்க என்ன இருக்கு? அதச் சொல்லுங்க."

"இங்க… ஒண்ணும் இல்ல. பென்ஷன் கம்மி, முட்டி…"

"முட்டிய விடுங்க, யெரெமேய் ஃபோமிச். முட்டி உங்க கூடவே வரும்."

பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண் சிரித்துவிட்டாள். அவரும் கொஞ்சம் சிரித்தார். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சொந்த வீடு; இரண்டு அறை. ஊருக்கு வெளியே துண்டு நிலம், அதில் தன் கையால் கட்டிய மரவீடு. அக்டோபரில் ஊன்றிய பூண்டு பனிக்கடியில் கிடக்கிறது. ஜூலையில் பிடுங்க வேண்டும். குடியிருப்பின் நிலவறைச் சாவி அவரிடம்தான். வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயின் அடைப்பானைத் திறக்கவும் மூடவும் ஒன்பது மாடிக்கும் அவர்தான் ஆள். "நான் இல்லன்னா இலையுதிர்காலத்துல ஒன்பது மாடியும் வெறைச்சுப் போகும்" என்றார், குறை சொல்வது போல. ரிம்மா எழுதிக்கொண்டார்.

"இன்னும்?"

யெரெமேய் ஃபோமிச் தயங்கினார். பிறகு உள்பையிலிருந்து உறை போட்ட ஒரு தாளை எடுத்தார். "இது சேருமான்னு தெரியல."

கல்லறை நிர்வாகம் கொடுத்த சான்று. லூஸ்யாவின் பெயர், வரிசை எண், இடத்தின் அளவு. இரண்டு பேருக்கான இடம். "எடது பக்கம் அவ. வலது பக்கம் எனக்கு. இரும்பு வேலி போட்டு, நடுவுல மேசையும் பெஞ்சும் வெச்சாச்சு. போன வருஷம் வேலிக்கு நீலப் பெயின்ட் அடிச்சேன்." பிறகு, வாதத்தை முடிக்கிறவர் போலச் சொன்னார்: "நான் எங்க போனாலும் அங்கதான வரணும்."

ரிம்மா அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு, தேநீரைக் கையிலெடுத்து, குடிக்காமல் இருந்தார். கேட்காத தாளைக் கொடுக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். அதிகமாகக் கொடுக்கும் ஒவ்வொரு தாளும் ஒரு கேள்வியை எழுப்பும். இதைப் பார்க்கும் அதிகாரி, கிழவர் சாகக் கிடக்கிறார், வைத்தியத்துக்கு வருகிறார் என்று நினைக்கலாம். சிரிக்கலாம். இன்னொரு மறுப்பு விழுந்தால் மே மாதத்துக்குள் மூன்றாவது முயற்சிக்கு நாளில்லை. மறுபக்கம், இந்த இருபது வருடத்தில் அவர் அடுக்கிய வேலைச் சான்றுகள், சொத்துப் பத்திரங்கள், வங்கித் தாள்கள் எவற்றிலும் இவ்வளவு உண்மை இருந்ததில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. வேலையை விடலாம், வீட்டை விற்கலாம்.

"வேலிக்குப் பெயின்ட் அடிச்ச ரசீது இருக்கா?" என்று கேட்டார்.

"பெயின்ட் வாங்கின ரசீதா? இருக்கும்."

"சும்மா கேட்டேன். வேணாம்."

புதுக் கடிதம் அரைப் பக்கம்தான். அதில் ஒரு பெயரடை கூட இல்லை. வீடு, நிலம், பூண்டு, நிலவறைச் சாவி. கடைசி வரி: 'என் மனைவியின் பக்கத்தில் எனக்கான இடம் சமாராவில் இருக்கிறது, சான்று இணைக்கப்பட்டுள்ளது.' யெரெமேய் ஃபோமிச் அதைப் படித்துவிட்டு, "இது கெஞ்சற மாதிரியே இல்லையே. கோவிச்சுக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். ரிம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அளவுகோலால் காட்டினார்.

விசா கொடுப்பவர்கள் காரணம் சொல்வதில்லை. மறுக்கிறவர்கள் மட்டும்தான் சொல்கிறார்கள். ஆகவே எந்தத் தாள் வேலை செய்தது என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. மே மாதம் பதினைந்தாம் தேதி, மாஸ்கோ ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது, யெரெமேய் ஃபோமிச் எதிரே இருந்த விசா மையத்திலிருந்து தெருவைக் கடந்து வந்தார். ஒரு கையில் பெட்டி. மறு கையில் கடவுச்சீட்டு வைத்து ஒட்டிய உறை. விசா கிடைத்ததா என்று தெரியும் முன்பே, நேரே ஸ்டேஷன் போகிற மாதிரி வீட்டைப் பூட்டிக்கொண்டே வந்திருந்தார்.

"நீங்க பிரிங்க, ரிம்மா சவேல்யெவ்னா."

ரிம்மா உறையைக் கிழித்து, பக்கங்களைப் புரட்டி, நின்றார். விசா ஒட்டியிருந்தது. இருபது நாள், ஒரே ஒரு முறை நுழையலாம்.

"குடுத்துட்டாங்களா?"

"பொறுங்க." அளவுகோலை வைத்தார். பெயரை எழுத்தெழுத்தாக. பிறந்த தேதி. தொடங்கும் நாள், முடியும் நாள்.

"சந்தோஷப்படலாமா?"

"நம்பர் பாக்கல இன்னும்." கடவுச்சீட்டு எண்ணின் ஒன்பது இலக்கங்களையும் பார்த்தார். "படலாம்."

யெரெமேய் ஃபோமிச் சந்தோஷப்படவில்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரிம்மா காப்பீட்டுத் தாளைக் கேட்டார், இருந்தது. மகளின் அழைப்புக் கடிதம், அசல், இருந்தது. நிலவறைச் சாவி யாரிடம்? ஏழாம் மாடிக்காரரிடம்.

"கேஸ மூடினீங்களா?"

"மூடிட்டேன். தண்ணியும் மூடிட்டேன்." சற்று நின்று சொன்னார்: "உக்காரத்தான் இல்ல."

"எது?"

"பயணம் கெளம்பறப்ப வீட்ல எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாம உக்காருவோமே. லூஸ்யாவும் நானும் ஒரு தடவகூட விட்டதில்ல, பக்கத்து ஊருக்குப் போனாலும். இன்னைக்கும் பெட்டி மேல உக்காந்து பாத்தேன். தனியா உக்காந்தா சும்மா களைச்சுப்போய் உக்காந்த மாதிரி இருக்கு. எந்திரிச்சு வந்துட்டேன்."

வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒருத்தி கதவுக் கண்ணாடியைத் தட்டினாள். ரிம்மா சவேல்யெவ்னா மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, கதவின் கொக்கியைப் போட்டார். படம் எடுக்க உட்காரும் பெஞ்சில் கிடந்த தாள் கட்டுகளைத் தரையில் இறக்கி வைத்தார். "உக்காருங்க" என்றார். கிழவர் பெட்டியைக் காலருகே வைத்துவிட்டு உட்கார்ந்தார். ரிம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டி, காலையிலிருந்து இரைந்துகொண்டிருந்த நகல் இயந்திரத்தை அணைத்தார்.