மூன்று சக்கரம், நான்கு சக்கரம், எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. வழிபாட்டுக்கு வந்து, பொறுமையாக உட்கார்ந்து, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து ஏழு முறை எழுந்துவிட்டேன். உயிரோடு இருந்தவரை அக்காவை நான் ‘அவர்’ என்று சொன்னதே கிடையாது. மலரில் அப்படித்தான் எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். அக்கா படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயாளியை வண்டியில் ஏற்றி மலையில் குலுக்கியவன் தம்பிதான், அதனால்தான் அக்கா சீக்கிரம் போய்விட்டார் என்று கருமக்கிரியை அன்றே உங்களில் சிலர் பேசிக்கொண்டீர்கள். சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போது என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நடந்ததை எழுதுகிறேன். பிறகு நீங்களே சொல்லுங்கள்.

அக்கா சுங்கை பாக்காப் என்ற ஊர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தார். அந்தத் தோட்டத்து மேலாளரிடம் ஒரு மூன்று சக்கர வண்டி இருந்தது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, மூன்றும் பலூன் மாதிரி ஊதிய டயர்கள். ஜீப் சிக்கிக்கொள்ளும் சேற்றில்கூட அது மிதந்து போகுமாம். அதன் பின்னால் ஓடி ஓடி முழங்காலைத் தேய்த்துக்கொண்டதுதான் அக்காவின் பால்யம். அப்பா தவறிய பிறகு நாங்கள் ஜார்ஜ்டவுனில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். அக்கா தொழிற்சாலையில் சேர்ந்தார். ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் நிற்கிற வேலை. மூன்று மாதம் தாங்கினார். பிறகு பாலிக் புலாவில், சுற்றுப்பயணிகளை ஏடிவி என்கிற மேடுபள்ள வண்டியில் பழத்தோட்டங்கள் வழியாக மலைக்கு அழைத்துப்போகும் இடத்துக்குப் போய்விட்டார். முதலில் வண்டிகளில் சேறு கழுவினார். பிறகு பழுது பார்த்தார். கடைசியில் வரிசைக்கு முன்னால் வழிகாட்டியாகப் போனார்.

“மாப்பிள்ள வீட்டுல கேட்டா என்னடி சொல்றது? சேத்துல வண்டி ஓட்டுறான்னா?” என்பார் அம்மா.

“ஆமாலா, ரிவர்ஸ்கூட நல்லா எடுப்பான்னு சொல்லுங்க” என்பார் அக்கா.

புறப்படுமுன் அக்கா எல்லாரையும் நிற்கவைத்து வண்டியின் வரலாற்றைச் சொல்லுவார். ஆரம்பத்தில் வெள்ளைக்காரர்கள் ஆறு சக்கரத்தோடு, தண்ணீரிலும் மிதக்கிற தொட்டி மாதிரி ஒன்றைச் செய்தார்கள். பிறகு ஜப்பான்காரர்கள் மூன்று சக்கர வண்டி செய்தார்கள். அதற்கு ஸ்பிரிங்கே கிடையாது, டயர்தான் ஸ்பிரிங். விளையாட்டுக்கு வாங்கியதை விவசாயிகள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வளைவில் அது கவிழ்ந்து கவிழ்ந்து ஆட்கள் செத்தார்கள், பிள்ளைகளும் செத்தார்கள். அதனால் மூன்று சக்கரம் நின்றது, நான்கு சக்கரம் வந்தது. பிறகு ஸ்பிரிங் வந்தது, ரிவர்ஸ் கியர் வந்தது, நான்கு சக்கரமும் இழுக்கிற இன்ஜின் வந்தது. அதற்கப்புறம் பகி. அருகருகே நாற்காலி, பெல்ட், தலைக்கு மேல் இரும்புக் கூண்டு. “இதுல ஒவ்வொரு சாமானும் எவனோ ஒருத்தன் விழுந்ததாலதான் வந்துச்சு. அதனால ஹெல்மெட்ட மாட்டுங்க” என்று முடிப்பார். நான் பின்னால் நின்று கொட்டாவி விடுவேன். நூறு முறை கேட்டிருக்கிறேன்.

பழைய இரும்புக் கடையில் ஒரு மூன்று சக்கர வண்டி கிடைத்ததும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வேலை முடிந்து தினமும் அதையே நோண்டினார். ஓராண்டில் இன்ஜின் உறுமியது. பூசாரியை அழைத்து பூசை போட்டோம். அவர் பழக்கத்தில் நான்கு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து, மிச்சமான ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்தார். முதல் ஓட்டம் நான்தான் என்று அடம்பிடித்து ஏறினேன். வண்டி லேசாகச் சாய்ந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டிய பழக்கம், காலைக் கீழே ஊன்றிவிட்டேன்.

“கால வைக்காத! இது உன் மோட்டர் இல்லடா, எரும!”

அக்கா கத்தி முடிப்பதற்குள் பின்சக்கரம் என் பாதத்தின் மேல் ஏறி இறங்கியது. மூன்று சக்கர வண்டியில் காலை ஊன்றினால் நம்முடைய சக்கரமே நம் காலில் ஏறும். காற்று குறைவான டயர், அதனால் எலும்பு பிழைத்தது. எலுமிச்சம்பழமும் நசுங்காமல் மண்ணுக்குள் புதைந்துகொண்டது. பூசாரி என் காலையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்து, “காவு கொடுத்தாச்சு, போதும்” என்றார். அக்கா சிரித்துக்கொண்டே எனக்கு ஐஸ் வைத்தார். அதன்பின் அந்த வண்டியைத் தன்னைத் தவிர யாரையும் தொட விடவில்லை.

பிறகு வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். ஆறே மாதத்தில் அக்கா பாதியானார். இனி ஊசியால் பயனில்லை, சில வாரங்கள்தான் என்று டாக்டர் சொன்னார். இது மலைக்குப் போவதற்கு முன்பு சொன்னது. தயவுசெய்து கவனிக்கவும்.

படுக்கையில் அக்காவின் கால்கள் மட்டும் போர்வைக்குள் நடந்துகொண்டே இருந்தன. ஒருநாள், “தம்பி, ஒரே ஒருவாட்டி மேல போய்ட்டு வரணும்டா” என்றார்.

அம்மா வெடித்தார். “உக்காரவே முடியல, மலை கேக்குதா? கூட்டிட்டுப் போன, ஒன்ன வீட்டுக்குள்ள விடமாட்டேன்!”

நான்கு நாள் கழித்து, அக்காவைப் பார்க்க வீட்டுக்கு வரும் நர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்டேன். வலி மருந்து கொடுத்துவிட்டு, பெல்ட் போட்டு, மெதுவாகப் போனால் போகலாம், ஆனால் அம்மா சம்மதிக்க வேண்டும் என்றார். அக்கா அம்மாவிடம் கெஞ்சவில்லை. வேலையிடத்துப் பகியின் படத்தைக் கைப்பேசியில் காட்டி, கூண்டு, பெல்ட், ஸ்பிரிங் என்று பயணிகளுக்குச் சொல்வதையே மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

“பின்னால எத்தன பேரு உக்காரலாம்?” என்றார் கடைசியில்.

மறுநாள் காலை நான் ஓட்ட, அக்கா பக்கத்தில், அம்மா பின்னால் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி. நத்தைகூட எங்களை முந்தியிருக்கும். “இந்தா பள்ளம்”, “இந்தா கல்லு” என்று பின்னாலிருந்து அம்மா வழி சொன்னார். உச்சியில் நிறுத்தினேன். கீழே வயல், அதற்கு அப்பால் கடல். அக்கா கடலைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த ஸ்டீயரிங்கைப் பார்த்தார். ஓட்டட்டுமா என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. அம்மா பெல்ட்டை அவிழ்த்து இறங்கி வந்து என் தோளில் தட்டினார்.

“எறங்கு. கீழ போற வரைக்கும் அவ ஓட்டட்டும்.”

இடம் மாறி உட்கார்ந்தோம். அம்மா அக்காவின் பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். அக்கா ஓட்டினார். ஒரு கல்லில்கூட ஏற்றவில்லை. வண்டி கொட்டகையில் நின்றதும் கொஞ்ச நேரம் மூன்று பேரும் இறங்கவில்லை.

அதிலிருந்து பதினெட்டாம் நாள் அக்கா வீட்டிலேயே, அம்மா பக்கத்தில் இருக்க, அமைதியாகப் போனார்.

வண்டி கொடுத்து, வழியெல்லாம் பின்னாலேயே வந்த பாலிக் புலாவ் நண்பர்களுக்கு நன்றி. மிஸ்ஸிக்கு நன்றி. சமைத்தவர்கள், நாற்காலி தூக்கியவர்கள், பாட்டுப் பாடியவர்கள், எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தம்பியைத் திட்டியவர்களுக்கும் நன்றி, பசி இல்லாத நேரத்திலும் விழுங்க எனக்கு ஒரு சொல்லாவது கொடுத்தீர்கள். ஒரு திருத்தம் மட்டும். தம்பி அக்காவை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வரவில்லை. அன்று எங்கள் இரண்டு பேரையும் பத்திரமாக இறக்கிக்கொண்டு வந்தவர் அக்காதான்.