கரமனையில் ஒரு நகல் கணினி

நாகர்கோவில் சந்திப்பில் ரயில் ஏறியபோது காலை ஆறரை மணி. திருவனந்தபுரம் அங்கிருந்து எழுபத்தொரு கிலோமீட்டர். இரவெல்லாம் பெய்த ஐப்பசி மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. இரணியல் தாண்டியதும் வயல்களின் மேல் வெண்மையாக ஏதோ மிதந்தது. பனியா, புகையா என்று தீர்மானிப்பதற்குள் குழித்துறை வந்துவிட்டது. மடியில் துணிப்பை. அதில் மடிக்கணினி, சிப்பைப் படிக்கும் சிறிய கருவி, தட்டை முனைத் திருப்புளி, ஓர் இட்லிப் பொட்டலம்.

நான் தேடிச் சேர்ப்பவை பழைய வீட்டுக் கணினிகள். அசல் அல்ல, நகல்கள். எண்பதுகளில் இங்கிலாந்தில் விற்ற சின்னஞ்சிறு கணினிகளை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வசதியில்லாதவர்கள், யாரிடமும் அனுமதி கேளாமல், பார்த்துப் பார்த்துத் தாங்களே செய்துகொண்டார்கள். உள்ளிருக்கும் நிரலையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அநேகமாக எல்லாரும் எங்கோ ஓரிடத்தில் ஒரு வரியை மாற்றினார்கள். அசலில் இல்லாத அந்த வரிக்காகத்தான் இந்த அலைச்சல்.

காலை ஒன்பதேகால். திருவனந்தபுரம் தம்பானூர் நிலையத்தில் இறங்கிச் சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தேன். அரிசி மூட்டைகளுக்கும் பெயிண்ட் டப்பாக்களுக்கும் நடுவே செல்லையாவின் மின்சாதனக் கடை. திருநெல்வேலிக்காரர். கரமனையில் இப்படி ஒரு கணினி இருப்பதைச் சொன்னவரே அவர்தான்.

“அக்கா, இதெல்லாம் டூப்புன்னு தெரிஞ்சுதான வாங்குதிய?” என்றார்.

“தெரிஞ்சுதான்.”

“ஒரிஜினலுக்கு அலையுத ஆளைப் பாத்திருக்கேன். டூப்புக்கு ரயிலேறி வாறது நீங்க ஒராள்தான்.” சிரித்துக்கொண்டே வீட்டு அடையாளம் சொன்னார். “ருக்மிணி மாமின்னு கேளுங்க. அவங்க வீட்டுக்காரர் அந்தக் காலத்துல அதைச் செய்ய எங்கிட்டதான் ஒவ்வொரு சாமானா வாங்குவாரு. நல்ல மனுசன். பேச்சுதான் கிடையாது.”

பழவங்காடியில் பேருந்து ஏறினேன். கரமனைக்குப் பத்து ரூபாய். ஜன்னலோரம் ஈரக் காற்று கண்ணை மூடச் சொன்னது. மூடித் திறந்தால் ஆற்றுப் பாலம் தெரிந்தது, அவசரமாக இறங்கினேன்.

பதினொரு மணிக்கு அக்கிரகாரத் தெருவில் அந்தக் கதவைத் தட்டினேன். ருக்மிணி மாமிக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“செல்லையா ஃபோன் பண்ணியாச்சு. உள்ளே வாங்கோ. மழை நாள்லே வந்திருக்கேள், காபி போடறேன்.”

கூடத்தில் கிழக்குப் பார்த்த ஜன்னலையொட்டிக் கண்ணாடி அலமாரி. மேல்தட்டில், ஒரு பிளைவுட் பலகையில் திறந்தபடி கிடந்தது கணினி. மேல்மூடி செய்வதற்குள் அவர் கணவர் காலமாகிவிட்டாராம். பார்த்ததும் போச்சு என்றே நினைத்தேன். நிரலைத் தாங்கும் சிப்பின் நடுவில் ஒரு குட்டிக் கண்ணாடி உண்டு. அதன் வழியே வெயில் விழுந்துகொண்டிருந்தால் உள்ளிருப்பது மெல்ல மெல்ல அழிந்துவிடும். அதனால்தான் அதன் மேல் ஒரு காகிதம் ஒட்டுவார்கள். இங்கே காகிதம் இல்லை. இந்த ஜன்னலிலோ தினமும் காலை வெயில்.

“ஒண்ணு சொல்லிடறேன்,” என்றார் மாமி. “இதுக்கு உசிர் போயிட்டதுன்னா தாராளமா எடுத்துண்டு போங்கோ. உசிர் இருந்தா தர மனசில்லை. உங்க மெஷின் பார்த்துச் சொல்லுமில்லையோ?”

“சொல்லும் மாமி.”

பலகையை இறக்கி வைத்துக் குனிந்து பார்த்தேன். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் சந்தனமும் குங்குமமும் அடை அடையாகக் காய்ந்து மேடு தட்டியிருந்தன.

“ஓ, அதுவா? சரஸ்வதி பூஜைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வெப்போமே. இதுக்கு நெத்தி ஏதுன்னு நேக்குத் தெரியலை. ஏதோ அழுக்குக் காயிதம் ஒட்டியிருந்தது. அதைப் பிச்சுட்டுப் பார்த்தா, வட்டமாக் கண்ணாடி. அதாக்கும் நெத்தின்னு நெனச்சுண்டேன். பழசை அழிக்கறதில்லை, அது மேலேயே வருஷாவருஷம்.”

காகிதத்தைப் பிய்த்த கையே அந்த இடத்தை வெயில் படாமல் மூடியும் வைத்திருக்கிறது. சிப்பை மெதுவாக நெம்பி எடுத்துக் கருவியில் பொருத்தினேன். மாமி காபிக்காக அடுக்களைக்குப் போயிருந்தார்.

அழிந்திருந்தால் திரையில் ஒரே குறியீடு வரிவரியாக வரும். வந்தவை வெவ்வேறு எண்கள். உயிர் இருந்தது. திரை என் பக்கம் மட்டுமே பார்த்திருந்தது. போய்விட்டது மாமி என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். பலகையோடு பையில் வைத்து மதிய ரயிலைப் பிடித்துவிடலாம். வெளியே மறுபடி தூறத் தொடங்கியது. அந்த ஓசையைக் கேட்டபடி, அவசியமில்லாமல் பக்கங்களைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன்.

தப்பாக எதையாவது தட்டினால் கணினி ஆங்கிலத்தில் கண்டிக்கும் வாசகங்கள் இருக்க வேண்டிய இடம் வந்தது. அங்கே ஆங்கில எழுத்துகளில் ‘அசடு’ என்றிருந்தது. அடுத்ததும் அசடு. பதினோர் இடத்தில் அசடு.

நேர்மையால் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உரக்கச் சிரித்துவிட்டேன்.

“என்ன சிரிக்கறேள்?” டம்ளரோடு வந்து நின்றார் மாமி.

“உசிர் இருக்கு மாமி. தப்பாத் தட்டினா ‘அசடு’ன்னு திட்டும்போல. உங்க வீட்டுக்காரர் அப்படி மாத்தி வச்சிருக்கார்.”

டம்ளரை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “அசடுன்னு நானாக்கும் அவரைச் சொல்றது. கல்யாணமான நாள்லேர்ந்து.” பிறகு, “அப்போ என்னையும் காப்பியடிச்சுட்டார். ஒரு வார்த்தை கேட்டாரா பாருங்கோ,” என்றார்.

முப்பது வருஷத்துக்கு மேல் கிடந்த பலகைக்கு மின்சாரம் கொடுக்க எனக்குத் துணிவில்லை. பதிலாக, அந்தக் கணினியைப் போல நடிக்கும் மென்பொருள் ஒன்று என் மடிக்கணினியில் உண்டு. படித்தெடுத்த நிரலை அதில் ஏற்றினேன். திரை வெளுத்து, கறுப்புக் கட்டம் ஒன்று கண்சிமிட்டியது.

“எப்படித் தப்புப் பண்றது?”

“அதுக்குத் தெரியாத வார்த்தை எது அடிச்சாலும் தப்புதான் மாமி.”

ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். திரையைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது: வந்ததிலிருந்து அவர் வாயில் வராத, கணவரின் பெயர். என்டரை எங்கே அழுத்துவது என்று கண்ணால் கேட்டார். காட்டினேன்.

அசடு என்றது திரை.

“ஷெரியாத்தான் சொல்றது,” என்றார் மாமி. மறுபடியும் அதே பெயரை அடித்தார். காபி ஆறிப்போனது. நான் சிப்பைப் பொட்டோடு எடுத்து, அதன் இடத்தில் பொருத்தி அழுத்தினேன்.

நிரலின் பிரதி ஒன்றை நான் வைத்துக்கொள்ளலாமா என்று புறப்படும்போது கேட்டேன்.

“நீங்களாவது கேட்டேளே. எடுத்துக்கோங்கோ.”

மாலை ரயிலில் மடியில் காலையில் கொண்டுவந்த அதே பை மட்டும்தான். நெய்யாற்றின்கரையில் விளக்குகள் ஏற்றியிருந்தார்கள். நாகர்கோவிலில் என் அலமாரியில் பதினான்கு நகல் கணினிகள் இருக்கின்றன, எல்லாம் உறை போட்டு, தூசி படாமல். எதை வேண்டுமானாலும் நான் தப்பாகத் தட்டலாம். அவை யாருடைய குரலிலும் என்னைத் திட்டியதில்லை.