பாதிச் சுண்டுவிரல்

எனக்குக் காது குத்தும்போது வயது ஒன்பது.

எங்கள் பக்கம் பிள்ளை நடக்கும் முன்பே குத்திவிடுவார்கள். வகுப்பில் மூளிக்காது எனக்கு மட்டும்தான். "ஏ மூளி, தோட்டைக் காக்கா தூக்கிட்டுப் போயிருச்சா?" என்பார்கள். அழ மாட்டேன். எங்கள் வீட்டில் தீப்பெட்டி ஒட்டும் வேலை. பசைக்குக் குறைவில்லை. ஜிகினாத் தாளை வட்டமாக வெட்டிக் காதில் ஒட்டிக்கொண்டு போவேன். பத்து மணி வெயிலுக்குக் காய்ந்து விழுந்துவிடும்.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். என் தாய்மாமன் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் காரணம்.

அம்மாவை நாலு வயதிலோ ஐந்து வயதிலோ ஆமத்தூரில் ஒரு பிள்ளையில்லாத வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். மழை பொய்த்த வருஷம். பெற்றவள் செத்துப்போயிருந்தாள். தகப்பன் கூலி வேலை தேடிப் போனவர் திரும்பவில்லை. வளர்த்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் எதையும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அம்மாவிடம் மிஞ்சியது கொஞ்சம். இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்த ஓர் அண்ணன். அவனுக்கு இடது கைச் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். ஆட்டுக்குக் குழை வெட்டும்போது அரிவாள் பட்டுவிட்டது. அப்புறம் ஒரு கோயில். அதில் இரண்டு மண்குதிரை, ஒன்றுக்குத் தலை கிடையாது. அவ்வளவுதான்.

பெயர் ஒன்றுகூட இல்லை. எந்தப் பிள்ளை பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது? அய்யா, ஆத்தா, அண்ணன். "உங்க அண்ணன் பேரு என்னம்மா?" என்று கேட்டால், "அண்ணன்தான்டி" என்பாள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூமில் வேலை பார்த்தவர். மருந்து கலக்கும்போது வெடித்து வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அவர் அம்மாவிடம் கேட்டார்.

"ஏக்கா, நான் உக்காந்து மடி குடுக்கேன். விரல்தான கொறையணும்? எனக்கு ரெண்டு கொறையுதே, பத்தாதா?"

அப்பா சிரித்துவிட்டார். "யார் மடியா இருந்தா என்ன புள்ள, காதுல விழப்போற ஓட்டை ஒண்ணுதான?" என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. "எங்கூடப் பொறந்தவன் மடி வேணும். இல்லாட்டி எம்மக மூளியாவே இருக்கட்டும்" என்றாள். கையில் இருந்த தீப்பெட்டியை ஒட்டி முடித்து, அடுத்ததை எடுத்தாள்.

பங்குனி உத்திரத்துக்குக் கம்பெனிகளில் ஆள் இருக்காது. எல்லாரும் குலசாமி கோயிலுக்குப் போய்விடுவார்கள். எங்கே பிழைக்கப் போயிருந்தாலும் அந்த ஒரு நாள் தன் சாமியிடம் வந்துவிட வேண்டும். அண்ணனும் வருவான் என்பது அம்மாவின் கணக்கு. எந்தக் கோயில் என்பதுதான் தெரியாது. அதனால் வருஷத்துக்கு ஒரு கோயில் போனாள். எங்கெங்கே மண்குதிரை இருக்கிறது என்று பஸ்ஸில், கிணற்றடியில், கம்பெனி வாசலில் கேட்டு வைத்துக்கொள்வாள். அப்பாவும் கூடப் போவார். "என் சாமி என்னைய மறந்தே போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே போவார்.

அந்த வருஷம் என்னையும் கூட்டிப்போனார்கள். விருதுநகர் போய் பஸ் மாறி, அருப்புக்கோட்டை தாண்டி இறங்கி, கரிசல் காட்டுக்குள் நடந்தோம். செருப்பைத் தாண்டிச் சுட்டது.

கோயிலில் நல்ல கூட்டம். பொங்கல் பானைகளின் புகை. குதிரைகள் எட்டு நின்றன. புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் தலை இருந்தது. அம்மா ஒவ்வொன்றின் கழுத்தையும் கையால் தடவிப் பார்த்தாள். ஒட்டு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். நான் கும்பிடுகிறாள் என்று நினைத்து நானும் தடவிக் கும்பிட்டேன்.

கண்ணாடி போட்ட ஒருவர் தலைக்கட்டு நோட்டு வைத்திருந்தார். அந்தச் சாமியைக் கும்பிடும் குடும்பங்கள் எல்லாம் அதில் இருக்கும்.

"ஒங்க அய்யா பேரு சொல்லுங்கம்மா."

"தெரியாதுங்க."

"தாத்தா பேரு?"

"தெரியாது."

"கூடப் பொறந்தவுக?"

"அண்ணன்."

"அண்ணன்னா பேரு இருக்கும்ல?"

அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். "கோவிச்சுக்காதீக. இதுல பொம்பளைப் பிள்ளைக பேரே கெடையாது. ஒரு ஆம்பளை பேரைச் சொல்லுங்க, அவுக வம்சத்தையே எடுத்துத் தாரேன்."

அம்மா சரி என்று தலையாட்டினாள். தாகமாக இருந்தது. தண்ணீர்ப் பந்தலுக்குப் போனோம்.

அங்கே ஒருவர் செம்பில் மோந்து எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பில் துண்டு. நோட்டுக்காரரிடம் பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"அண்ணனைத் தேடியா வந்திருக்கீக?"

"ஆமாங்க."

"எம்புட்டு வயசுல பிரிஞ்சது?"

"நாலு அஞ்சு இருக்கும். பஞ்சத்துல ஆமத்தூர்ல விட்டுட்டாக."

அவர் செம்பைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். "நாங்களும் பஞ்சத்துலதான் தங்கச்சிய விட்டோம். எந்த ஊருன்னு அய்யா கடைசி வரைக்கும் சொல்லலை. நாந்தான் வருசா வருசம் இந்தப் பந்தல்ல தண்ணி ஊத்துறேன். எங்கிருந்து வந்தாலும் தாகத்துக்கு இங்கன வந்துதான ஆகணும்."

"கோயில்ல தலையில்லாத குதிரை இருந்துச்சாங்க?"

"எல்லாம் பழசும்மா. மாத்திட்டாக." செம்பில் மோந்து, "கைய ஏந்தும்மா, குடி" என்றார்.

அம்மா முக்காட்டைத் தள்ளிவிட்டு இரண்டு கையையும் ஏந்தினாள். அவர் ஊற்றினார். கை நிறைந்தது. முழங்கை வழியாக வழிந்தது. சேலை நனைந்தது. அவர் நிறுத்தவில்லை. அம்மாவும் குடிக்கவில்லை. அவர் செம்பைப் பிடித்திருந்த இரண்டு கையையுமே பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பு காலியான பிறகும் அவர் அதைச் சாய்த்தபடியே நின்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியவர்களுக்குத் தண்ணீர் குடிக்கக்கூடத் தெரியவில்லை.

"இம்புட்டு நாளா எங்கனம்மா இருந்த?" என்றார் அவர்.

"ஆமத்தூர்லதான் இருந்தேன்ண்ணே" என்றாள் அம்மா.

அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். கூட்டம் கூடிவிட்டது. யாரோ குலவை போட்டார்கள். நோட்டுக்காரர் ஓடி வந்து, "இதைத்தானம்மா நான் அப்பவே கேட்டேன்!" என்றார்.

அப்பா அம்மாவைத் தனியாக இழுத்தார். "ஏ புள்ள, நல்லா பாத்தியா? கொஞ்சம் விசாரிக்க வேணாமா?"

"எங்கண்ணனை நான் விசாரிக்கணுமா?" என்றாள் அம்மா.

அன்றைக்கே காது குத்து நடந்தது. கோயிலில் ஆசாரி இருந்தார். மாமா துண்டை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னை மடியில் வைத்துக்கொண்டார். நான் திமிறாமல் இருக்க என் இரண்டு கையையும் அவர் கைக்குள் வைத்துப் பிடித்தார். வியர்வையும் திருநீறும் கலந்த வாடை. பயத்தில் நான் கீழே பார்த்தேன். அவர் இடது கை தெரிந்தது. எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

"எம்மா! மாமாவுக்குச் சுண்டுவிரல் முழுசா இருக்கும்மா!"

அந்த நேரத்தில் ஆசாரி குத்திவிட்டார். மிச்சமெல்லாம் அலறல். பிள்ளை வலியில் உளறுகிறது என்று எல்லாரும் சிரித்தார்கள். மாமாவின் பிடி ஒரு கணம் தளர்ந்தது. அப்புறம் முன்பைவிட இறுக்கிப் பிடித்தார். அம்மா என் வாயில் வெல்லக்கட்டியைத் திணித்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மறுபடி சொன்னேன். "நீ பாதிதான்னு சொன்ன. அவருக்கு முழுசா இருக்கே."

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"வளந்துருக்கும்" என்றாள் அம்மா.

நான் நம்பினேன். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஓடினேன். காதில் வேப்பங்குச்சியோடு நின்று, "ஒங்களுக்கும் வளரும். எங்க மாமாவுக்கு வளந்துருச்சு" என்றேன். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியாத்தா? சரி, வளரட்டும்" என்றார். ரொம்ப நாள் என்னைக் கண்டால் கையை விரித்துக் காட்டி, "இன்னும் வரலையே" என்பார்.

மாமா அதற்குப் பிறகு எதையும் விட்டதில்லை. பொங்கலுக்குக் கரும்பும் பானையும் கொண்டுவந்தார். நான் வயசுக்கு வந்தபோது பச்சை ஓலையில் குடிசை கட்டினார். என் கல்யாணத்தில் முன்னால் நின்றார். அம்மா ஒரு கோயிலுக்கும் பிறகு தேடிப் போகவில்லை. போன வருஷம் அம்மா இறந்தபோது பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்து போர்த்தினார். நடக்க முடியாத மனுஷன். இரண்டு பேர் தாங்கிக் கூட்டி வந்தார்கள். அம்மாவின் கைகளைக் கோடிச் சேலைக்குள் அவரே எடுத்து வைத்தார்.

எல்லாம் முடிந்து உட்கார்ந்திருக்கும்போது அவர் வீட்டு அத்தை என்னிடம் சொன்னாள்.

"ஒங்க மாமா தங்கச்சிக்கு வலது கையில முழங்கை வரைக்கும் தழும்பு. கொதிக்கிற கஞ்சி கொட்டுனது. அதுக்காகத்தான் பந்தல்ல நின்னாக, எல்லாரும் கைய ஏந்துவாகன்னு. ஒங்கம்மா கையில ஒரு கீறல் உண்டாத்தா?"

இல்லை. அம்மா கையில் பசை காய்ந்த தடம் தவிர எதுவும் இருந்ததில்லை.

"ஒங்கம்மாவுக்கு இவுக விரலும் தெரியும்ல" என்றாள் அத்தை. "ரெண்டு பேரும் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கிட்டதில்லை."

என் மகன் திருத்தங்கலில் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். போன மாதம் போனில் எங்கள் வம்சத்தை மரம் மாதிரி வரைந்து, சொந்தக்காரர்கள் குரூப்பில் போடப்போவதாகச் சொன்னான். அப்பா பக்கம் எட்டுத் தலைமுறை நிரம்பிவிட்டது. அவனுடைய அம்மாச்சிக்கு, என் அம்மாவுக்கு, மேலே இரண்டு கட்டம் காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு கட்டம்.

"இதுல அம்மாச்சி அண்ணன் பேரு போடணும். உறவு சொன்னாப் பத்தாதும்மா, பேரு கேக்குது."

மாமா பெயரைச் சொன்னேன்.

"கூடப் பொறந்தவருதான?"

"ஆமா. போடு" என்றேன்.

போட்டான். குரூப்பில் எல்லாரும் கும்பிடும் கைப் படம் போட்டார்கள். நான் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி விரலோடு எங்கேயோ ஒருவர் இருந்தார், அல்லது இருக்கிறார். தழும்போடு ஒருத்தி. அவர்களுக்குக் கட்டம் இல்லை.

அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. மாமா கிடைத்துக் காது குத்திய பிறகும், நாங்கள் பஸ்ஸில் போகும்போது அம்மா ஜன்னல் பக்கம் உட்கார மாட்டாள். சீட்டுகளுக்கு நடுவே நின்றுகொள்வாள். மேலே கம்பியைப் பிடித்திருக்கும் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருவாள். கண்டக்டர் டிக்கெட் நீட்டினால் அவர் கையையும் பார்ப்பாள்.

அம்மாவுக்கு மோதிரத்தின் மேல் ஆசை என்று அப்போது நினைத்தேன். பெரியவளாகி வேலைக்குப் போனதும் ஒன்று வாங்கித் தர வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.