கால் பூட்டாத மேசை

வெள்ளவத்தையில் நானும் அம்மாவும் இருக்கும் தொடர்மாடி வீட்டின் சின்ன அறையில், அலுமாரிக்குப் பின்னால், சிங்களப் பத்திரிகையில் சுற்றிய நான்கு மேசைக் கால்கள் சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. அறையைப் பார்க்க வருகிறவர்கள் மேசை எங்கே என்று கேட்பார்கள். மேசை அவர்களுக்கு முன்னால்தான் இருக்கும், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில். அதன் மேல் கணினி, இரண்டு ஸ்பீக்கர்கள், கீபோர்ட். பின்னால் ஒரு பாய்.

எதைச் செய்வதென்றாலும் முதலில் பட்டியல் போடுகிறவள் நான். ஒலிப்பதிவு படித்த காலத்தில் அந்தப் பழக்கம் இன்னும் முற்றிவிட்டது. மேசைக்கும் ஒரு பட்டியல் போட்டேன். ஸ்பீக்கர் காது மட்டத்தில் இருக்க வேண்டும். கீபோர்டுக்கு இழுப்பறை வேண்டும். வயர்கள் போக பின்பக்கம் துளை வேண்டும். கண்ணாடி கூடவே கூடாது. தட்டினால் அதிரக் கூடாது. லிஃப்டுக்குள் அடங்க வேண்டும். பாடுகிறவர் மேசைக்கு எதிரே கதிரையில் இருக்கவோ நிற்கவோ இடம் வேண்டும். படித்த இடத்து ஸ்டூடியோ எப்படி இருந்ததோ, அதைச் சின்னதாக்கினால் இந்தப் பட்டியல் வரும்.

அவசரத்துக்குக் காரணம் அம்மாவின் கழுத்து. தைரொயிட்டில் ஒரு கட்டி. பயப்படும்படியான கட்டி இல்லை, ஆனால் எடுக்க வேண்டும் என்றார் வைத்தியர். குரல் கொஞ்சக் காலம் கரகரப்பாக இருக்கலாம், சிலருக்கு மேல் ஸ்தாயி முழுதாகத் திரும்புவதில்லை என்றும் சொன்னார். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வரும் வழியில் ஓட்டோவுக்குள் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"சந்தையில நிப்பாட்டி இறால் வாங்குவமா?"

அம்மா பாட்டு வாத்தியார். நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி வீட்டில் வாடகைக்கு இருந்த காலத்தில், சனி ஞாயிறுகளில் முன்னறை முழுக்கப் பிள்ளைகள். படிக்கட்டில் செருப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். கீழ்வீட்டுக்காரர் அவற்றைத் தாண்டிக் குதித்துத்தான் வேலைக்குப் போவார். பாடசாலைப் போட்டிகளுக்காக அம்மா தானே மெட்டமைத்துப் பாட்டுகள் சொல்லிக்கொடுப்பார். வரிகள் பிள்ளைகளின் கொப்பிகளில் இருந்தன. மெட்டு அம்மாவின் தொண்டையில் மட்டும் இருந்தது. அந்தப் பிள்ளைகள் இன்று கனடாவிலும் மெல்பேர்னிலும் பெரிய ஆட்கள். அந்தப் பாட்டுகளை எவரும் பதிவு செய்யவில்லை. குசினியிலும் குளியலறையிலும் தினமும் கேட்கிற ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

சத்திரசிகிச்சைக்கு முன்னால் அவற்றில் மூன்றையாவது எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதல் முயற்சி சாப்பாட்டு மேசையில் நடந்தது. மைக்கை நிறுத்தி, அம்மாவைக் கதிரையில் இருத்தினேன். இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்தினார்.

"கதிரையில இருந்தா விசா இன்டர்வியூவுக்கு வந்த மாதிரிக் கிடக்கு, பிள்ளை."

"அப்ப நிண்டு பாடுங்கோ."

"நிண்டா தேசிய கீதம் மாதிரி."

நின்றும் பார்த்தார். மூச்சு மேலே நின்றது. கைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பதிவைப் போட்டுக் கேட்டேன். சுருதி சுத்தமாக இருந்தது. ஆனால் யாரோ ஒரு பெண் ஒரு பாட்டைச் சரியாக ஒப்புவிப்பது போல இருந்தது. அதோடு சாப்பாட்டு மேசை ஆடியது, மேலே இருந்த கோப்பைகள் மெல்லக் கிணுகிணுத்தன. பிழை மேசையில்தான் என்று எனக்குப் பட்டது. நல்ல மேசை வந்தால் எல்லாம் சரியாகும்.

கொள்ளுப்பிட்டிக் கடைகளில் இருந்தவை எல்லாம் கண்ணாடி மேசைகள், அல்லது விரலால் தட்டினால் மேளம் போலப் பேசும் மெல்லிய பலகைகள். கடைசியில் பாமன்கடையில் மர வேலை செய்யும் ஒரு பாஸிடம் நான் வரைந்த மேசைப் படத்தைக் கொண்டுபோனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது பியானோவா மேசையா என்று சிங்களத்தில் கேட்டார். மேசை என்றேன். அப்படியென்றால் வேலை சுகம் என்றார்.

பலகை சீக்கிரம் முடிந்தது. தடித்த பலா, விளிம்பு மழுங்க இழைத்து, வயர்த் துளையும் சரியான இடத்தில் போட்டிருந்தார். கால்கள்தான் வரவில்லை. கால் கடைகிற ஆள், பிக்குகளுக்கு அன்னம் கொடுக்கும் ஒரு தானத்துக்கு ஊருக்குப் போய்விட்டாராம். எப்போது கேட்டாலும் பாஸ் "ஹெட்ட" என்றார். அவருடைய 'நாளை'க்கு முடிவே இல்லை. அம்மா திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். சனிக்கிழமை நான் போய்ப் பலகையை மட்டும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு காலை, வயர் நீளங்களையாவது பார்த்து வைப்போம் என்று, குசினியில் இருந்த இரண்டு குட்டை ஸ்டூல்களை எடுத்து அவற்றின் மேல் பலகையை வைத்தேன். ஸ்பீக்கர்களை வைத்தேன். மைக்கையும் அந்த உயரத்துக்கு இறக்கினேன். மேசை கடைசி வரைக்கும் வரப்போவதில்லை, திரும்பவும் சாப்பாட்டு மேசையில்தான் அம்மாவை இருத்த வேண்டும் என்று எனக்குள் எரிச்சலாக இருந்தது.

அப்போது அம்மா வாசலில் வந்து நின்றார். ஹவுஸ்கோட்டில் கையைத் துடைத்தபடி.

"என்ர ஸ்டூலை எடுத்திட்டியோ? நான் எதில இருந்து மீன் வெட்டுறது?"

"கொஞ்ச நேரம் அம்மா. அளவு பாக்கிறன்."

"இதுக்கோ அவனிட்ட அவ்வளவு நாள் அலைஞ்சனி? இது மணைப் பலகை மாதிரிக் கிடக்கு."

சொல்லிக்கொண்டே எதிரே சம்மணம் போட்டு இருந்தார். பலகையைத் தடவிப் பார்த்தார். பிறகு, சேலைத் தலைப்பைச் சரிசெய்வது போல அவ்வளவு இயல்பாக, தன் போனை எடுத்துச் சுருதிச் செயலியைப் போட்டுப் பலகையின் மேல் வைத்தார். கொட்டாஞ்சேனையில் சுருதிப் பெட்டி இருந்த அதே இடத்தில், வலது முழங்காலுக்கு முன்னால். கண்ணை மூடினார். கை தொடையில் விழுந்தது.

நான் ஃபேனை நிறுத்தினேன். பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

இந்த அம்மாவை எனக்குத் தெரியும். வயிற்றிலிருந்து வந்த குரல் அறையை நிரப்பியது. தொடையில் தட்டும் தாளமும் மைக்கில் விழுந்தது. நான் படித்ததன்படி பார்த்தால் அது வேண்டாத சத்தம். நான் மைக்கை நகர்த்தவில்லை. கடற்கரைப் பக்கமிருந்து ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது. அம்மா அசையவில்லை, பாடிக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது பாட்டின் நடுவில் கீழே ஒழுங்கைக்குள், இசை போட்டுக்கொண்டு ரொட்டி விற்கும் பாண் ஓட்டோ வந்தது. அதன் இசை எல்லோருக்கும் தெரியும். அம்மா சட்டென்று நிறுத்தி, வலது கையை உயர்த்திக் காற்றில் அப்படியே பிடித்தார்.

கொட்டாஞ்சேனையில் அது எங்கள் வகுப்பின் சட்டம். பாண் ஓட்டோவின் இசை வந்தால் தாளம் நடுவழியில் உறையும். எல்லாக் கைகளும் உயர்ந்து நிற்க வேண்டும். ஓட்டோ தெருமுனை தாண்டும் வரை யாரும் கையை இறக்கக் கூடாது, சிரிக்கவும் கூடாது. சிரிக்காமல் யாராலும் இருக்க முடிந்ததில்லை. வகுப்பு முடிந்ததும் மீன் வைத்த மாலு பாண் வாங்கப் போவது யார் என்று அந்த நேரத்திலேயே கண்களால் ஏலம் நடக்கும். ஒருமுறை ஒரு பிள்ளை கேட்டது, ரயிலுக்கும் கோயில் மணிக்கும் நிறுத்தாத ரீச்சர் பாணுக்கு மட்டும் ஏன் நிறுத்துகிறீர்கள் என்று.

"ரயிலுக்குச் சுருதி இல்லை, அது தன்ர பாட்டில போகும். பாண்காரன் சுருதியோட வாறான். அவன்தான் எங்களை இழுத்துக்கொண்டு போயிடுவான்."

வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் அந்த ஓட்டோ மெதுவாகத் தேய்ந்து மறைந்துகொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். மவுஸில் இருந்த என் வலது கையும் உயர்ந்து நின்றது. அம்மா கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தார். சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டார். ஓட்டோ முனை தாண்டியது. இரண்டு கைகளும் ஒன்றாக விழுந்தன. விட்ட இடத்திலிருந்து பாட்டு போனது.

மூன்று பாட்டுகளையும் அன்று எடுத்துவிட்டோம். பிறகு அம்மா ஒரு ஸ்டூலை உருவ முயன்றார், மேசை சரிந்தது. மீன் அன்று நின்றபடி வெட்டப்பட்டது.

அம்மா ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த வாரத்தில் பாஸ் கால்களோடு வந்தார். அழகான கால்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. பூட்டித் தரட்டுமா என்றார். பிறகு பார்க்கலாம் என்றேன். குசினிக்குப் புது ஸ்டூல்கள் வாங்கினோம்.

குரல் கரகரத்தது. வைத்தியர் சொன்ன கொஞ்சக் காலம் நீண்டுகொண்டே போனது. பேச்சு திரும்பியது, மேல் ஸ்தாயி திரும்பவில்லை. குசினியில் பாட்டுச் சத்தம் இல்லாத வீட்டில் நான் முதன்முதலாக இருந்தேன். மூடிய சட்டியின் மூடி நடுங்குவதுகூடக் கேட்டது. பதிவுகளை அம்மாவுக்குப் போட்டுக்காட்ட எனக்கு மனம் வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் அவராகவே வந்து பாயில் இருந்தார்.

"அதைப் போடு, கேப்பம்."

ஹெட்போனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். விரல்கள் மட்டும் மேசை விளிம்பில் அசைந்தன. அவருடைய முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாண் ஓட்டோவுக்காகக் காத்த இடத்தில் விரல்கள் நின்றன, பிறகு நடந்தன. மூன்று பாட்டும் முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினார்.

"ரெண்டாவதில சரணம் ஓடிப்போச்சு."

"நல்லாத்தானே இருக்கு அம்மா."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓடிப்போச்சு. அது என்ன, ஆரும் துரத்தினவையே?"

போனை எடுத்தார். சுருதியை இறக்கினார். கேட்டார். இன்னும் கொஞ்சம் இறக்கினார். ஆண்கள் பாடுகிற சுருதிக்குக் கிட்ட வந்துவிட்டது. அதைப் பலகையில், முழங்காலுக்கு முன்னால் வைத்தார்.

"எடு," என்றார்.

நான் ஃபேனை நிறுத்தினேன். அம்மாவின் கை தொடையில் விழுந்தது.