மனசு ஏறினால் கரண்டிதான்

பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவனுக்குக் கையும் மனசும் ஆடாமல் இருக்க வேண்டும். எனக்கு முதலில் ஆடியது மனசு. நாலு நாள் ஆகாயத்திலும் நாற்பது நாள் பாதாளத்திலும் குடியிருந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். காரைக்குடியில் ராவுத்தர் பாத்திரக்கடை வாசலில் உளியும் சுத்தியுமாக நான் உட்கார்ந்திருந்த எழுபதுகளில் நடந்தவை இவை.

அண்டா

கீழச்சிவல்பட்டி ஆச்சி ஒருவர், மகள் கல்யாணச் சீருக்கு வாங்கிய அண்டாவில் இனிஷியல் மட்டும் வெட்டச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கோ அப்போது தூக்கமே இல்லை, தேவையும் படவில்லை. உலகமே என் உளிக்காகக் காத்திருப்பதாகத் தோன்றியது. பொண்ணு பேர், மாப்பிள்ளை பேர், முகூர்த்த நாள், பதினாறு செல்வங்கள், சூரியன், சந்திரன் எல்லாம் வெட்டி, இடம் மிஞ்சியதால் சுற்றிலும் மாங்காய்ப் பூவேலையும் போட்டேன்.

ஆச்சி அண்டாவைச் சுற்றி வந்து முழுக்கப் படித்தார். கோபப்படவில்லை.

"பேரு வெட்டச் சொன்னா கல்யாணப் பத்திரிகையே அடிச்சுப்புட்டீகளே தம்பி. இனிமே மாப்பிள்ளையக் கூட மாத்த முடியாதே."

ஒரே எழுத்து

ஏறின மனசு இறங்கியது. எழுந்து பல் துலக்குவதே மலையாகத் தெரிந்தது. மனைவி மீனா இழுத்துக்கொண்டு வந்து கடையில் உட்கார வைப்பாள். கண்டரமாணிக்கத்து விவசாயி காளியப்பன் ஒரு செம்பைக் கொடுத்தார். 'கா' வெட்டினேன். அடுத்த எழுத்துக்குச் சுத்தியைத் தூக்க முடியவில்லை. காரணமே இல்லாமல் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுச் செம்பை வாங்கிக்கொண்டார்.

"'கா' போதும்ணே. எங்க வீட்ல 'கா'ன்னா நான் ஒருத்தன்தான்."

மதுரை

மறுபடி ஏறியபோது மீனாவும் கடைக்கார ராவுத்தரும் என்னை மதுரைக்கு பஸ் ஏற்றிக் கூடவே வந்தார்கள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். இப்போது பைபோலார் என்கிறார்களே, அதற்கு அப்போது மேனிக் டிப்ரஷன் என்று பேர். பேய் இல்லை, திமிர் இல்லை, வியாதி என்று அவர் சொன்னதும் மீனா அழுதுவிட்டாள். எனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் உற்சாகம், அவ்வளவுதான் என்றேன். டாக்டர் ராவுத்தரைப் பார்த்தார்.

"நேத்து பிள்ளையார்பட்டி மலையில பேர் வெட்டப் போறேன், ஏணி குடுங்கன்னாரு டாக்டர்."

நெளிவு

டாக்டர் கொடுத்த மாத்திரை மனசை நிறுத்தியது, கையை ஆட்டியது. எழுத்தெல்லாம் மண்புழுவாக நெளிந்தது. இந்தக் கையை நம்பித்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. பயந்து, யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். நான் காலையில் பாட ஆரம்பித்ததுமே மீனா கண்டுபிடித்துவிட்டாள். திரும்பவும் மதுரை, ரத்தப் பரிசோதனை. டாக்டர் அளவைக் குறைத்தார். நடுக்கம் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. எழுத்து நெளியும் என்று வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். ஒரு அம்மா மட்டும் குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

"இருக்கட்டும். இந்தக் கோணல்ல எவளும் கள்ளப்பேர் வெட்ட முடியாதுல்ல."

கரண்டி

ராவுத்தர் ஓர் ஏற்பாடு செய்தார். காலையில் நான் அதிகம் பேசினால் அன்றைக்குக் கரண்டி மட்டும். கரண்டிக் காம்பில் மாங்காய் போட இடம் ஏது?

மகள் பிறந்த மறுநாள் வாய் ஓயாமல் பேசிச் சிரித்துக்கொண்டு கடைக்குப் போனேன். ராவுத்தர் ஒரு கட்டு கரண்டியைத் தள்ளினார். இது வியாதி இல்லை ராவுத்தரே, சாதாரண சந்தோஷம் என்று கெஞ்சினேன். எனக்கே முழு நிச்சயமில்லை. அவர் என் கண்ணையே பார்த்தார். ராத்திரி தூங்கினீர்களா என்று கேட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் குறட்டை விட்டதாக நர்ஸ் திட்டியதைச் சொன்னேன்.

"தூங்கி எந்திரிச்சு வந்த சந்தோஷமா? அப்ப அண்டாவ எடுத்துக்கங்க தம்பி."

வீட்டில் ஒருவன் சிரித்தால், ஏன் சிரிக்கிறாய் என்று கேட்காமல் ராத்திரி தூங்கினாயா என்று கேட்கிற குடும்பம் எங்களுடையது. உங்கள் வீட்டிலும் அப்படியென்றால், நாம் சொந்தக்காரர்கள்தான்.